இரு பந்தயங்களுக்கு இடையில்: களிமண் தடத்தில் ஓடும் லேட் மாடல் காரைப் பராமரிக்கும் முறை

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களிலும் தென் மாநிலங்களிலும் கோடை முழுவதும், பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில், களிமண் பரப்பிய நீள்வட்டத் தடங்களில் கார்ப் பந்தயங்கள் நடக்கின்றன. ஒஹாயோவில் 1954-இல் திறக்கப்பட்ட எல்டோரா, அயோவாவின் நாக்ஸ்வில் போன்ற அரை மைல் தடங்கள் பெரும் போட்டிகளால் பெயர் பெற்றவை. ஆனால் இந்த விளையாட்டைத் தாங்கி நிற்பவை வாரந்தோறும் உள்ளூர் ஓட்டுநர்கள் கூடும் சிறிய தடங்களே. அங்கே ஓடும் பலவகைக் கார்களில் லேட் மாடல் எனப்படும் வகையை எடுத்துக்கொண்டு, ஒரு பந்தய இரவுக்கும் அடுத்த பந்தய இரவுக்கும் இடைப்பட்ட நாட்களில் அதற்குச் செய்ய வேண்டிய பராமரிப்பை இக்கட்டுரை விளக்குகிறது. இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய சட்டகம், அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள், முன்புறம் ஒரு வி8 என்ஜின், நான்கு இணைப்புத் தண்டுகளால் பிடித்து நிறுத்தப்பட்ட ஒற்றை பின் அச்சு ஆகியவை சேர்ந்ததே இந்தக் கார். ஓட்டுநரோடு சேர்த்து எடை சுமார் 2,300 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,040 கிலோ. கட்டுப்பாடற்ற வகுப்பில் இதன் என்ஜின் 800 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது.

பராமரிப்பு என்றவுடன் எண்ணெய் மாற்றுவதும் உடைந்ததை மாற்றுவதும்தான் பலருடைய நினைவுக்கு வருகின்றன. அவை தேவையானவைதான், ஆனால் வார நாட்களில் செய்யும் வேலையின் உண்மையான நோக்கம், காரை நமக்குத் தெரிந்த ஒரு நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவதே ஆகும். கடந்த வாரம் கார் திருப்பத்தில் வெளிப்பக்கமாக வழுக்கியது என்றால், அதற்குக் காரணம் ஸ்பிரிங்கின் கடினமா, அல்லது சற்று வளைந்துபோன ஓர் இணைப்புத் தண்டா என்பது தெரியாமல் ஸ்பிரிங்கை மாற்றுபவர், ஒரு பிழையின் மேல் இன்னொரு பிழையை அடுக்குகிறார். இந்த விளையாட்டில் பல அணிகள் ஒரு பருவம் முழுவதையும் இப்படித்தான் இழக்கின்றன. ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையையும், பழுது பார்ப்பதாக மட்டும் அல்லாமல், காரைப் பற்றி நம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பது இன்னும் உண்மையா என்று சரிபார்ப்பதாகவும் கொள்ள வேண்டும்.

கழுவுதல்

களிமண் காய்ந்தால் கல்லாகிவிடும். அது ஈரமாக இருக்கும்போதே, முடிந்தால் பந்தய இரவிலேயே, இல்லாவிட்டால் மறுநாள் காலையிலேயே காரைக் கழுவிவிட வேண்டும். முதலில் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டியைக் கொண்டு பெரிய கட்டிகளை அகற்றுவது நல்லது. சக்கரங்களின் உட்புறம், பின் அச்சின் மேற்பகுதி, ஓட்டுநர் இருக்கையின் அடிப்பகுதி, ரேடியேட்டரைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் மண் அதிகமாகச் சேர்கிறது. ஈரத் தடத்தில் ஓடிய கார் கிலோ கணக்கில் மண்ணைச் சுமந்துகொண்டு வரும். அந்த எடை எந்த மூலையில் சேர்ந்ததோ அந்த மூலையின் சமநிலையை அது கெடுக்கும். சக்கரத்தின் உட்புறம் ஒரு பக்கமாக ஒட்டிய மண்ணோ, ஓட்டுநர் கையில் ஸ்டியரிங் நடுங்கும் அளவுக்கு அதிர்வை உண்டாக்கும்.

அழுத்த நீர் பீய்ச்சியைப் பயன்படுத்துவதற்கு முன் கார்புரேட்டரின் வாயை இறுக்கமாக மூடி, சைலன்சர் குழாய்களின் முனைகளையும் அடைத்து, இக்னிஷன் பெட்டி, பாட்டரி, மீட்டர்கள் ஆகியவற்றின் மேல் பிளாஸ்டிக் உறை சுற்ற வேண்டும். சக்கர பேரிங்குகள், ராட் எண்டுகள் (இணைப்புத் தண்டுகளின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டுகள்), யூ ஜாயிண்டுகள் (என்ஜினின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டுகள்), மின் இணைப்பான்கள் ஆகியவற்றை நோக்கி நேராக நீரைப் பீய்ச்சக் கூடாது. வெளியே இருக்கும் மண்ணை அந்த அழுத்தம் உள்ளே தள்ளிவிடும். கிரீஸையும் கழுவி எடுத்துவிடும். ரேடியேட்டரைக் கழுவும்போது என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, அதாவது காற்று வரும் திசைக்கு எதிராக, மெதுவான நீரோட்டத்தைச் செலுத்த வேண்டும். முன்னிருந்து பீய்ச்சினால் மண் ரேடியேட்டரின் மெல்லிய உலோகத் துடுப்புகளின் நடுவே இன்னும் ஆழமாகப் போய் அடைந்துகொள்ளும், துடுப்புகளும் மடங்கும். என்ஜின் சூடாவதற்குத் தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்பையும் குறை சொல்வதற்கு முன்னால், ரேடியேட்டரின் பின்னால் ஒரு விளக்கை வைத்து முன்னிருந்து பார்த்தால், அடைப்பு எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கழுவி முடித்தவுடன் கம்ப்ரசர் காற்றால் நீரை ஊதி வெளியேற்றி, வெளியே தெரியும் இரும்புப் பரப்புகளுக்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றைத் தெளிக்க வேண்டும். சட்டகத்தின் அடிப்பகுதியில் சிலிக்கோன் தெளிப்பானைப் பூசினால் அடுத்த வாரம் மண் எளிதில் உதிரும். பிரேக் டிஸ்குகள் மீது மட்டும் இவற்றில் ஒரு துளியும் படக் கூடாது.

எதையும் கழற்றுவதற்கு முன்

கழுவிய கார் காய்ந்ததும் ஸ்பானரை எடுக்கத் தோன்றும். அதற்கு முன் அளவெடுப்பதே சரியான வரிசை. கார் பந்தயத்திலிருந்து எப்படி வந்ததோ அப்படியே அதைச் சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றழுத்தத்தைப் பந்தய அளவுக்குக் கொண்டுவந்து, நான்கு மூலைகளிலும் சட்டகத்தின் உயரத்தையும், வலது இடது பக்கங்களில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரத்தையும், முன் சக்கரங்களின் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு) ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். எடைத் தட்டுகள் இருந்தால் நான்கு சக்கரங்களின் எடையையும் அப்போதே எடுத்துவிட வேண்டும். குறிப்பேட்டில் பந்தயத்துக்கு முன் எழுதிய எண்களோடு இவற்றை ஒப்பிட்டால், எங்கே கை வைக்க வேண்டும் என்பது உடனே விளங்கும். வலது முன் சக்கரத்தின் கேம்பர் மாறியிருந்தால் சஸ்பென்ஷனின் மேல் கையோ, சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலோ வளைந்திருக்கக்கூடும். ஒரு மூலையில் மட்டும் உயரம் குறைந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது ஸ்பிரிங்கைத் தாங்கும் சரிசெய்யும் வளையம் தானே திருகி நகர்ந்திருக்கலாம். கழற்றிய பிறகு இந்தச் சான்றுகள் எதுவும் மிஞ்சாது.

சட்டகமும் இணைப்புகளும்

பராமரிப்பில் மிக அதிக நேரம் எடுக்க வேண்டிய பகுதி இதுதான். காரை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திய பிறகே அடியில் செல்ல வேண்டும்; ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காரின் அடியில் படுக்கக் கூடாது.

சட்டகக் குழாய்களின் விரிசல்கள் பெரும்பாலும் வெல்டிங்கின் விளிம்பிலும், சஸ்பென்ஷன் கைகளும் ஷாக்குகளும் (அதிர்வைத் தணிக்கும் உருளைகள்) பொருத்தப்பட்ட தகடுகளைச் சுற்றியும் தொடங்குகின்றன. வெளிர் நிறத்தில் பெயிண்ட் அடித்த சட்டகத்தில் விரிசல், துருவின் நிறத்தில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். இதற்காகவே சாம்பல் அல்லது வெள்ளை நிறச் சட்டகத்தை நான் பரிந்துரைப்பேன். பார்வைக்கு அழகாக இருந்தாலும் கறுப்புச் சட்டகம் குற்றங்களை மறைத்துவிடும். சந்தேகம் எழும் இடத்தைத் துடைத்து, விரிசலில் ஊறும் சாயத்தைத் தடவி, மேலே மிஞ்சிய சாயத்தைத் துடைத்துவிட்டு, பிறகு வெண்பொடித் திரவத்தைத் தெளித்துப் பார்த்தால் விரிசல் நிறக் கோடாக வெளிப்படும். ஸ்பிண்டில், ஸ்டியரிங் கைகள், ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராடுகள் போன்ற எஃகு உறுப்புகளை, மோதல் எதுவும் நிகழ்ந்த பிறகு, காந்தத் துகள் சோதனைக்கு அனுப்புவது செலவானாலும் தேவையானது. இவை உடைந்தால் ஓட்டுநருக்குக் காரைத் திருப்ப வேறு வழியே இல்லை.

அடுத்தது ராட் எண்டுகள். பின் அச்சைப் பிடிக்கும் நான்கு தண்டுகளின் இரு முனைகளிலும், அச்சின் பக்கவாட்டு அசைவைத் தடுக்கும் ஜே வடிவக் கம்பியிலும், டை ராடுகளிலும் இவை இருக்கின்றன. ஒவ்வொரு தண்டையும் கையால் பிடித்து முறுக்கிப் பார்க்க வேண்டும். தடையின்றி இருபுறமும் சற்றே சுழன்றால் அது உயிரோடு இருக்கிறது. அசையவே இல்லையென்றால் மண் இறுகியிருக்கலாம் அல்லது தண்டு வளைந்து இழுபட்டிருக்கலாம். தடதடவென்று ஆட்டம் இருந்தால் அது தேய்ந்துவிட்டது. ஆட்டம் உள்ள ராட் எண்டைக் கிரீஸ் வைத்துக் காப்பாற்ற முயலக் கூடாது. கிரீஸும் எண்ணெயும் ஒட்டும் தன்மையால் மண்துகளைப் பிடித்துவைத்து, உட்பூச்சை உப்புத்தாளைப் போலத் தேய்த்துவிடும். டெஃப்லான் பூச்சு உள்ளவற்றைத் துடைத்து உலர்வாக வைப்பதே போதும். பூட்டு நட்டு தளர்ந்திருந்தால் தண்டின் நீளமே மாறியிருக்கக்கூடும் என்பதால், அதை இறுக்குவதற்கு முன்னர் நீளத்தைக் குறிப்பேட்டோடு ஒப்பிட வேண்டும்.

பின் அச்சுக் குழாயின் இரு முனைகளிலும் தண்டுகளும் ஷாக்குகளும் பொருந்தும் சுழலும் கூடுகள் உள்ளன. தடத்தில் இவற்றை பேர்ட்கேஜ் என்பார்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கப்படும்போது இடது பின்பக்கம் மேலெழும்பி அச்சைச் சற்று முன்னே தள்ளுவதும், அதனால் கார் திருப்பத்தில் தானாகவே உள்நோக்கித் திரும்புவதும் இந்தக் கூடுகள் தடையின்றிச் சுழல்வதைப் பொறுத்தவை. வாரந்தோறும் கூட்டின் கிரீஸ் நிப்பிள் வழியாகப் பழைய கிரீஸ் முழுவதும் வெளியேறும்வரை புதியதைச் செலுத்த வேண்டும். பின்பு ஷாக்குகளையும் ஸ்பிரிங்குகளையும் கழற்றிவிட்டு, அச்சின் அடியில் ஜாக்கியை வைத்து, ஒரு பக்கத்தை முழுக் கீழ்நிலையிலிருந்து முழு மேல்நிலைவரை மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். எந்த இடத்திலாவது அசைவு கனத்தாலும், 'டக்' என்று விடுபட்டாலும், எங்கோ பிடிப்பு இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகும். இதைத் தவறாமல் செய்யும் அணி, காரணம் புரியாமல் கைவிட்டுப் போகும் கார் என்ற தொல்லையில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும். வாரத்தில் ஒரேயொரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

நட்டு, போல்ட்டு ஒவ்வொன்றையும் ஸ்பானரால் தொட்டு, சரியான இறுக்கத்தில் வைத்த பின், நட்டின் மேலிருந்து பக்கத்துத் தகடுவரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். அடுத்த முறை கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. நகர்ந்த நட்டை மறுபடி இறுக்குவதோடு நிறுத்தாமல், அது ஏன் நகர்ந்தது, போல்ட்டு நீண்டுவிட்டதா, துளை அகன்றுவிட்டதா என்று கேட்க வேண்டும். நைலான் பூட்டு நட்டுகளை அடிக்கடி கழற்றினால் பிடிப்பை இழந்துவிடும். விரலால் திருகும்போதே நைலான் பகுதியைக் கடந்து ஏறும் நட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

ஷாக்குகளும் ஸ்பிரிங்குகளும்

ஷாக்கின் பிஸ்டன் தண்டைத் துடைத்து, விரல் நகத்தால் நெடுகத் தடவிப் பார்க்க வேண்டும். கல் பட்டு உண்டான ஒரு சிறு குழிகூடச் சீலைக் கிழித்து எண்ணெய் கசியச் செய்யும். கையால் அமுக்கி இழுத்துப் பார்ப்பதால் ஷாக்கின் உண்மையான தடைவிசை தெரியாது. நடுவில் ஒரு வெற்றிடம் போல வழுக்கினால் உள்ளே எண்ணெயோ வாயுவோ குறைந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். ஷாக்கின் தடைவிசையை அளக்கும் டைனோ இயந்திரத்தில் வைத்து வரைபடம் எடுக்க வசதியிருந்தால் பருவத்தில் சில முறையாவது செய்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிடலாம். ஸ்பிரிங்குகளின் கடினத்தை அதற்கென உள்ள கருவியில் அளந்து, அந்த எண்ணை ஸ்பிரிங்கின் மேலேயே எழுதிவைக்க வேண்டும். ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண் அது புதிதாக இருந்தபோது இருந்த நிலை மட்டுமே.

பின் அச்சும் டிரைவ் ஷாஃப்டும்

இந்தக் கார்களில் பின் அச்சின் பின்மூடியைத் திறந்தால் இரண்டு பல்சக்கரங்கள் தெரியும். அவற்றை மாற்றினால் சில நிமிடங்களில் கியர் விகிதம் மாறிவிடும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் அந்த மூடியைத் திறந்து பற்களைப் பார்க்க வேண்டும். பல் ஓரங்களில் சிறு உடைசலோ நீல நிறமோ இருந்தால் அந்த ஜோடி முழுவதையும் மாற்ற வேண்டும். கியர் ஆயிலை வடிக்கும் அடைப்பானில் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசையாக மெல்லிய தூள் படிவது இயல்பு, செதில்களும் துணுக்குகளும் ஒட்டியிருப்பது இயல்பல்ல. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் கழுவும்போது மூச்சுக் குழாய் வழியாக நீர் புகுந்திருக்கிறது.

அச்சுத் தண்டுகளின் மேல், முனைக்கு முனை நேராக ஒரு பெயிண்ட் கோடு இழுத்து வைத்தால், அடுத்த முறை வெளியே எடுக்கும்போது அந்தக் கோடு சுருண்டிருக்கிறதா என்று பார்த்துத் தண்டு முறுக்கிக்கொண்டதை அறியலாம். என்ஜினின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்கப் பல தடங்களின் விதிகள் சொல்கின்றன. அது கழன்று தடத்தில் விழுந்தால் பின்னால் வருபவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. அந்த வெள்ளையே நமக்கும் உதவுகிறது: கல் பட்ட நசுங்கலும் விரிசலும் அதில் எளிதில் தெரியும். யூ ஜாயிண்டுகளின் மூடிகளைச் சுற்றித் துருத் தூள் தென்பட்டால் உள்ளே ஊசி பேரிங்குகள் உலர்ந்துவிட்டன. ஷாஃப்டைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வளையத்தின் போல்ட்டுகளையும் மறவாமல் பார்க்க வேண்டும். ஓட்டுநரின் கால்கள் அதற்கு மிக அருகில் இருக்கின்றன.

என்ஜின்

உள்ளூர் வகுப்புகளில் பெரும்பாலும் செவ்ரோலே நிறுவனம் முத்திரையிட்டு விற்கும் 602, 604 என்ஜின்கள் ஓடுகின்றன. முதலாவது ஏறத்தாழ 350 குதிரைத்திறனும், அலுமினிய ஹெட் கொண்ட இரண்டாவது ஏறத்தாழ 400 குதிரைத்திறனும் தருபவை. முத்திரையை உடைத்தால் தகுதி நீங்கும் என்பதால் இவற்றின் உள்ளே கை வைக்க முடியாது; அதனாலேயே வெளியிலிருந்து படிக்கும் அடையாளங்களுக்கு மதிப்பு கூடுகிறது. எண்ணெயை என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடித்து, எண்ணெய் ஃபில்டரைக் கழற்றி, அதற்கென உள்ள வெட்டும் கருவியால் திறக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தின் துகள்களே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றும். உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்க்கும்போது, காந்தத்தில் ஒட்டும் துகள் எஃகு உறுப்புகளின் தேய்மானத்தையும், ஒட்டாத வெண்பளபளப்பு அலுமினியத்தையும், செம்பு நிறம் பேரிங்குகளின் உள்ளடுக்கையும் குறிக்கும். செம்பு நிறம் தெரிந்த என்ஜினை அடுத்த வாரம் ஓட்டுவது, பழுதுபார்க்கக்கூடிய ஒன்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதாகும்.

மாதத்துக்கு ஒரு முறையாவது சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் காற்றுக் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பதே இது. ஒற்றை எண்ணைவிட எட்டு சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடும், சென்ற மாதத்திலிருந்து வந்த மாற்றமும் அதிகம் சொல்லும். காற்று கார்புரேட்டர் வழியாகச் சீறினால் இன்டேக் வால்வும், சைலன்சர் வழியாகச் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வும், எண்ணெய் ஊற்றும் துளையில் கேட்டால் பிஸ்டன் ரிங்குகளும், ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட்டும் காரணம். திட லிஃப்டர் கொண்ட பந்தய என்ஜின்களில் வால்வ் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய அளவுத் தகடுகளால் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் அளந்து எழுத வேண்டும். ஒரு வால்வின் இடைவெளி மட்டும் வாரந்தோறும் மாறிக்கொண்டே போனால் அது வரப்போகும் உடைவின் முன்னறிவிப்பு.

களிமண் தடத்தில் என்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பது காற்று ஃபில்டர். தடம் காய்ந்த பிறகு எழும் தூசு மாவைப் போல நுண்ணியது. வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து, எண்ணெயிட்டுப் பயன்படுத்தும் வகையாயின் உலர்ந்த பிறகே எண்ணெயிட வேண்டும். ஈரத்தோடு எண்ணெயிட்டால் அது சீராகப் பரவாது. வடிகட்டியைக் கழற்றியதும் கார்புரேட்டரின் வாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது ஒரு நொடி வேலை. துணியில் மண் ஒட்டினால் வடிகட்டியின் விளிம்பு சரியாக அமரவில்லை.

மெத்தனால் என்ற ஆல்கஹால் எரிபொருளில் ஓடும் என்ஜினுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். எரியாத பகுதி எண்ணெயோடு கலந்து அதைப் பால்நிறமாக்கும். அன்றிரவே எரிபொருளை வடித்து, கார்புரேட்டரிலும் பம்பிலும் சிறிது பெட்ரோலையோ அதற்கென உள்ள மசகையோ ஓடவிட்டு, எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும், தோல் வழியாக உடலுக்குள் செல்லும் என்பதையும் யாரும் மறந்துவிடக் கூடாது; கையுறையின்றி அதைத் தொடக் கூடாது.

ஆக்சிலரேட்டர் இணைப்பை ஒருவர் உள்ளே மிதிக்க மற்றவர் வெளியிலிருந்து பார்த்து, அது முழுமையாகத் திறப்பதையும், விட்டவுடன் முழுமையாக மூடுவதையும் உறுதிசெய்ய வேண்டும். திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்குகள் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது மூடும். பெடலில் கால் விரலை நுழைத்துப் பின்னுக்கு இழுக்க உதவும் பட்டையும் உறுதியாக இருக்க வேண்டும்.

பிரேக், ஹப், சக்கரம்

பிரேக் பேடுகளை எடுத்து, ஒரு முனை மற்றொரு முனையைவிட அதிகம் தேய்ந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். சாய்வாகத் தேய்ந்தால், பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் நேராக அமரவில்லை. காலிப்பர் பிஸ்டன்களை மண் நீங்கத் துடைக்காமல் உள்ளே தள்ளினால் சீல் கிழியும். டிஸ்க்கின் பரப்பில் உள்ள மயிரிழை விரிசல்கள் சூட்டினால் வருபவை; அவை விளிம்பைத் தொட்டுவிட்டால் டிஸ்க்கை மாற்ற வேண்டும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சி அதன் கொதிநிலையை இழப்பதால், மூடியைத் திறந்து வைத்த பழைய புட்டியைப் பயன்படுத்தாமல், பந்தயத்துக்குப் பந்தயம் ஒவ்வொரு காலிப்பரிலிருந்தும் காற்றும் கறுத்த திரவமும் வெளியேறும்வரை புதியதைச் செலுத்துவது நல்லது. முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர்கள் உள்ள இந்தக் கார்களில், இரண்டையும் இணைக்கும் சமநிலைக் கம்பி மண்ணால் இறுகாமல் சுழல்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தூக்கி நிறுத்திய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஹப் பேரிங்கின் ஆட்டம் தெரியும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் அது ஸ்டியரிங் பக்கத்தைச் சேர்ந்தது. சக்கரத்தின் போல்ட்டுத் துளைகளைச் சுற்றியும், வலது பின் சக்கரத்தில் டயரை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தின் போல்ட்டுகளைச் சுற்றியும் விரிசல் தேட வேண்டும். சக்கரத்தின் வெளிப்புறத்தை மூடும் மண் மூடிகளின் பிடிப்பான்கள் தளர்ந்தால் மூடி பறந்துபோகும்; அதன் பிறகு சக்கரத்துக்குள் மண் நிறைவதைத் தடுக்க வழியில்லை.

டயர்

டயர்களை இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், தேர்வு செய்வது வேறொரு பெரிய பொருள். ஓடிய டயரின் மேற்பரப்பில் படியும் வழவழப்பான இறுகிய படலத்தை மெல்லிய சாணைத் தட்டால் நீக்கி, மழுங்கிய ரப்பர்த் தொகுதிகளின் ஓரங்களைக் கூராக்கி, வெட்டுகள் டயரின் உள்ளிருக்கும் நூலடுக்கைத் தொட்டிருக்கின்றனவா என்று பார்த்து, கடினத்தை அளந்து எழுத வேண்டும். வலது பின் டயரின் சுற்றளவுக்கும் இடது பின் டயரின் சுற்றளவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே காற்றழுத்தத்தில் ஒவ்வொரு வாரமும் அளக்க வேண்டும். டயர் ஓட ஓட விரிவடைவதால் சென்ற வார எண்ணை நம்ப முடியாது. ரப்பரை மென்மையாக்க வேதிப்பொருள்களில் ஊறவைப்பதைப் போட்டி அமைப்புகள் தடைசெய்து, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கின்றன. அந்தக் கரைப்பான்கள் அவற்றைக் கையாள்பவரின் உடல்நலத்தையும் கெடுப்பவை. நேர்மையாக ஓட்ட விரும்பும் எவரும் அவற்றைத் தம் பட்டறைக்குள் விடக் கூடாது.

ஓட்டுநரைக் காப்பவை

இருக்கைப் பட்டைகளில் தைத்திருக்கும், பந்தயப் பாதுகாப்புக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் சீட்டைப் பாருங்கள், 16.1 தரத்துக்குரியவை தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். வெயிலும் மண்ணும் நூலிழைகளை உள்ளிருந்து அறுப்பதே இந்தக் காலவரையறைக்குக் காரணம். மென்மையான சோப்பு நீரில் பட்டைகளைக் கழுவி நிழலில் உலர்த்தலாம், வெளுப்பான் கூடாது. பூட்டின் உள்ளே மண் இருந்தால் ஆபத்து நேரத்தில் அது திறக்காது அல்லது தானே திறந்துவிடும், எனவே காற்றால் ஊதிப் பலமுறை பூட்டித் திறந்து பார்க்க வேண்டும். பட்டைகளும் இருக்கையும் சட்டகத்தோடு இணையும் போல்ட்டுகள், ஸ்டியரிங்கை விரைவில் கழற்றும் பூட்டு, ஜன்னல் வலை, மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், எரிபொருள் தொட்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வு ஆகிய ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்க்க வேண்டும். தீயணைப்பு உருளையின் அழுத்தமானியைப் படித்து, பட்டறையில் வேலை செய்யும்போது அதன் பாதுகாப்பு ஊசியைச் செருகி, தடத்தில் காரை இறக்கும்போது எடுத்துவிட வேண்டும். ஊசி செருகியபடியே பந்தயத்துக்குப் போகும் உருளையால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே ஊசியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, ஓட்டுநர் அமர்ந்ததும் அதை வெளியே நிற்பவரிடம் கொடுத்துவிடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மீண்டும் எடை பார்த்தல், தடத்துக்குப் புறப்படுதல்

எல்லாம் கூடிய பிறகு கார் மறுபடியும் எடைத் தட்டுகளில் ஏற வேண்டும். தளம் சமமாக இருக்க வேண்டும். பந்தயத்துக்குரிய டயர்கள், காற்றழுத்தம், எரிபொருள் அளவு ஆகியவற்றோடு, ஓட்டுநரோ அவருடைய எடைக்கு ஈடான சுமையோ இருக்கையில் இருக்க வேண்டும். காரைச் சில முறை அமுக்கி விட்டுச் சஸ்பென்ஷனை அமரவைத்த பிறகே எண்களைப் படிக்க வேண்டும். இடது பக்கச் சதவீதம், பின்பக்கச் சதவீதம், இடது பின் சக்கரத்தின் எடை வலது பின் சக்கரத்தைவிட எத்தனை பவுண்டு கூடுதல் என்பது ஆகிய மூன்றும் குறிப்பேட்டின் எண்களோடு பொருந்தும்வரை சரிசெய்து, உயரங்களை மறுபடி அளக்க வேண்டும். எந்த மாற்றத்தைச் செய்ய நினைத்தாலும் அதை இந்த நிலைக்குப் பிறகே செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் அதன் விளைவு எதுவென்று தெரியும்.

இந்த வேலைகள் அனைத்தையும் ஒரே இரவில் முடிக்க முயல்வது வீண். பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஞாயிறு கழுவுதலும் அளவெடுத்தலும், அடுத்த இரு மாலைகளில் சட்டகமும் பின் அச்சும், அதற்கடுத்த மாலை என்ஜினும் பிரேக்கும், வியாழன் எடை பார்த்தல் என்று பிரித்துக்கொண்டால் வெள்ளியன்று டிரெய்லரில் ஏற்ற மட்டும் மிஞ்சும். அப்படிப் பிரிக்கும்போது ஒரு வேலையைத் தொடங்கியவரே முடித்துத் தம் பெயரைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பாதி இறுக்கிய போல்ட்டை இன்னொருவர் முடித்திருப்பார் என்று இருவரும் நினைப்பதுதான் சக்கரம் கழல்வதன் வழக்கமான காரணம்.

தடத்தில் முதல் சூடேற்றும் சுற்றுகள் முடிந்தவுடன் சக்கர நட்டுகள் அனைத்தையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். அலுமினியச் சக்கரம் சூடேறி அமரும்போது முதல் இறுக்கம் சற்றுத் தளரும். அதே நேரத்தில் மண் கட்டிகளைச் சுரண்டி, ரேடியேட்டர் வலையைத் துடைத்து, எண்ணெய்க் கசிவு எங்காவது புதிதாகத் தோன்றியிருக்கிறதா என்று காரின் அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, டயர் காற்றழுத்தத்தைத் தகுதிச் சுற்றுக்கு ஏற்பக் குறித்து வையுங்கள்.